அறிவியல் செய்தியை ஒரு வருஷம் ஊறப்போட்டுப் படிக்கலாமா?

தூசிதட்டி | திங்கள், இரவு 9.40

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அறிவியல் செய்தி எது கண்ணில் பட்டாலும், படிப்பதற்கு முன்னால் அதன் சுட்டியை, வலைப்பக்கங்களை அப்படியே பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுவேன். ஒரு வருஷம் கழித்து எடுத்து, தலைப்பு என்ன சொன்னது, பிறகு என்ன ஆனது என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். காசு செலவில்லாத பொழுதுபோக்கு. சில சமயம் சினிமாவைவிட நன்றாக இருக்கும்.

போன வாரம் எடுத்தது 2023 ஜூலை சரக்கு. எல்கே-99, ஞாபகம் இருக்கிறதா? தென்கொரியாவில் ஒரு சின்னக் குழு, ஆய்விதழ் சரிபார்ப்புக்கு முன்பே கட்டுரைகளைப் போடும் ஆர்க்சிவ் தளத்தில் கட்டுரை போட்டது. ஈயம், பாஸ்பேட், கொஞ்சம் செம்பு சேர்த்துச் சூளையில் சுட்டு எடுத்த சாம்பல் நிறக் கல். சாதாரண அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தி என்றார்கள். காந்தத்தின் மேல் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டும் மறு ஓரம் எழும்பியும் நின்ற அந்தத் துண்டின் வீடியோவை நானும் பல தடவை பார்த்தேன். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா ஒருவர் "இனி கரண்ட் பில்லே வராது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆகஸ்ட் நடுவிலேயே கதை முடிந்துவிட்டது. கல்லில் செம்பு சல்பைடு கலந்திருந்தது. அது சுமார் 104 டிகிரி செல்சியஸில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் பொருள். மாறும்போது மின்தடையும் சட்டென்று மாறும். அதைத்தான் மீக்கடத்தலின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அந்தக் கலப்படம் இல்லாமல் சுத்தமான படிகம் வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் படிகம் வந்தது. மின்சாரத்தை அறவே கடத்தவில்லை!

இந்த இரண்டாவது செய்தி எங்கள் குடும்பக் குழுவுக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. அதுதான் என் வழக்கு. முதல் நாள் செய்தியைப் படிப்பதே வீண் என்று நினைக்கிறேன். உங்களிடம் இப்படி ஊறிய சரக்கு இருந்தால் எடுத்துப் போடுங்கள்.

அரைகுறை ஆறுமுகம் | திங்கள், இரவு 9.52

அறை வெப்பநிலை என்றால் எந்த ஊர் அறை? வேலூரில் மே மாதம் எங்கள் அறையில் எதுவுமே கடத்தாது. மின்சாரம் உட்பட.

மிளகாய்ப்பொடி | திங்கள், இரவு 10.15

தூசிதட்டி அண்ணே, ஒரு வருஷம் காத்திருப்பேன் என்பது கொஞ்சம் மிதப்பான பேச்சு. நீங்கள் சொன்ன உதாரணத்தையே பாருங்கள். அத்தனை சத்தம் கிளம்பியதால்தான் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் வேலையைப் போட்டுவிட்டு அந்தக் கல்லைச் சுட்டுப் பார்த்தன. சில வாரங்களில் தீர்ப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் ஏதோ ஒரு ஆய்விதழின் மூலையில் வந்திருந்தால் அந்தக் கட்டுரை பத்து வருஷம் அப்படியே கிடந்திருக்கும். எல்லோரும் உங்களைப் போலக் காத்திருந்தால் சரிபார்ப்பது யார்?

அப்புறம், செய்தி தப்பாகப் போனாலும் அதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். மீக்கடத்தி என்றால் என்ன என்று என் பையன் அந்த வாரம்தான் கேட்டான். நானும் அந்த வாரம்தான் படித்துச் சொன்னேன்.

கணக்குவாத்தி | செவ்வாய், காலை 6.20

இருவருக்கும் வணக்கம். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு பழைய வழக்கை எடுக்கிறேன். இதில் குற்றவாளி விஞ்ஞானி இல்லை என்பது என் கட்சி.

2011 செப்டம்பர். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வகத்துக்கு நியூட்ரினோ துகள்களை அனுப்புகிறார்கள். தூரம் 730 கிலோமீட்டர். நடுவில் குழாயோ சுரங்கமோ கிடையாது. பூமியின் பாறை வழியாகவே போகும், நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டில்லை. ஒளி இந்தத் தூரத்தைக் கடக்க 2.4 மில்லி விநாடி ஆகும். நியூட்ரினோ அதைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்துவிட்டது என்று அதை அங்கே அளந்த ஓபரா என்ற ஆய்வுக் குழுவின் கணக்கு காட்டியது. அந்த நேரத்தில் ஒளி 18 மீட்டர் போகும். அதாவது பந்தயத்தில் ஐன்ஸ்டைன் 18 மீட்டரில் தோற்றார்.

மறுநாள் தலைப்புகள் உங்களுக்கே தெரியும். ஐன்ஸ்டைன் பொய்யானார், காலப் பயணம் சாத்தியம், இன்னும் என்னென்னவோ. ஆனால் அந்தக் குழு மேடையில் சொன்னது வேறு. "மாதக்கணக்கில் தேடிவிட்டோம், பிழை எங்களுக்குத் தென்படவில்லை, நீங்களும் பாருங்கள்" என்கிற தொனியில்தான் பேசினார்கள். வகுப்பில் ஒரு பையன் விடைத்தாளை நீட்டி "சார், விடை தப்பாத்தான் இருக்கணும், எங்கே தப்புன்னு தெரியலை" என்று சொன்னால் நான் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

2012 தொடக்கத்தில் பிழை அகப்பட்டது. ஜிபிஎஸ் கருவியிலிருந்து கணினிக்கு நேரத்தைக் கொண்டுபோகும் ஒளியிழைக் கம்பி சரியாக முடுக்கப்படவில்லை. கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்ததால் நேரச் சமிக்ஞை தாமதமாகப் பதிவாகி, நியூட்ரினோ சீக்கிரம் வந்தது போலக் காட்டியிருக்கிறது. அதே மலைக்கடியில் இருக்கும் இக்காரஸ் என்ற இன்னொரு குழு தனியாக அளந்து பார்த்தது. நியூட்ரினோ ஒழுங்காக ஒளியின் வேகத்துக்குள்தான் வந்தது. ஓபரா குழுவின் செய்தித் தொடர்பாளர் மார்ச் மாதம் பதவி விலகினார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பிழையைத் தேடச் சொல்லி ஊரைக் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான்.

அரைகுறை ஆறுமுகம் | செவ்வாய், காலை 7.05

எங்கள் தெரு கேபிள்காரர் இதை 2011லேயே போனில் சொல்லியிருப்பார். "பின்னாடி இருக்கிற ஒயரை ஒருதரம் கழட்டி மாட்டுங்க சார்."

பழுதுமணி | செவ்வாய், காலை 11.30

ஆறுமுகம் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. முப்பது வருஷமாக ரேடியோ, டிவி, இப்போது போர்டு வேலை பார்க்கிறேன். கடைக்கு வரும் பழுதில் பாதிக்கு மேல் கனெக்டர்தான். ஐசி போய்விட்டது என்று மூன்று கடை ஏறி இறங்கி வருவார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினால் ஓடும்.

என் பங்குக்கு மைக்ரோவேவ் அடுப்புக் கதை. இது தெரியாதவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அதில் 1998 முதலே அவ்வப்போது ஒரு விசித்திரமான துடிப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. சில மில்லி விநாடிகள்தான் இருக்கும். விண்வெளியிலிருந்து வருவது போலவே அலைவரிசை மேலிருந்து கீழாகச் சரிந்து வரும். ஆனால் வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வரும் சமிக்ஞை ஒரே ஒரு ஏற்பியில்தான் பலமாக விழ வேண்டும். இது தொலைநோக்கியின் எல்லா ஏற்பிகளிலும் ஒன்றாக விழுந்தது. ஆக, பக்கத்திலிருந்துதான் வருகிறது. பக்கத்தில் எங்கே? மின்னலா, வளிமண்டலமா என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெரிட்டான் என்று பெயர் வைத்ததுதான் மிச்சம்.

நேரத்தைப் பட்டியல் போட்டதும் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. பெரும்பாலும் வேலை நேரத்தில், அதுவும் மதியச் சாப்பாட்டை ஒட்டியே இந்தத் துடிப்பு வருகிறது. வேற்றுக்கிரகத்துக்காரன் நம் சாப்பாட்டு நேரமா பார்த்து அனுப்புவான்? ஒரு குறுக்கீடு கண்காணிப்புக் கருவியைப் பொருத்தினார்கள். 2015 ஜனவரியில் மூன்று பெரிட்டான்கள் சிக்கின. ஒவ்வொன்றும் வந்த அதே கணத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு துடிப்பு. அது மைக்ரோவேவ் அடுப்பின் அலைவரிசை.

வெறுமனே அடுப்பைப் போட்டு, அது தானாக அணையும்வரை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால் வந்தது! கதவு திறந்ததும் உள்ளே அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு மின்சாரம் நின்றுவிடும். ஆனால் அது அணைகிற அந்தச் சொற்ப நேரத்தில், குறையும் மின்னழுத்தத்தோடு அலைவரிசையும் தடுமாறி ஒரு சின்னப் பொறி வெளியே ஓடிவிடும். "டிங்" வரைக்கும் பொறுக்க மாட்டாத யாரோ ஒரு பசிக்காரர் பதினேழு வருஷமாக வானியலைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மிளகாய்ப்பொடி | செவ்வாய், காலை 11.48

"டிங்" வரைக்கும் பொறுக்காத ஆள் எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இந்த இழையை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

தூசிதட்டி | செவ்வாய், இரவு 8.10

பழுதுமணி அண்ணே, பிரமாதம். அந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதே பார்க்ஸ் தொலைநோக்கி 2001இல் பதிவு செய்த தரவு ஆவணக் கிடங்கில் கிடந்தது. 2007இல் லோரிமர் என்ற வானியலாளரின் குழு அதைக் கிளறியபோது, 2001 ஜூலை மாதத்தில் ஒரு பலமான துடிப்பு பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தது. ஐந்து மில்லி விநாடிக்கும் குறைவு. நம் பால்வெளிக்கு வெகு தொலைவிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. பதிவான நாளில் எவரும் கவனிக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, பழைய காகிதத்தைப் புரட்டியதில் கிடைத்த புது வான்பொருள் அது.

பிறகு பெரிட்டான் தொல்லை வந்ததும் இதுவும் அப்படித்தான் ஏதோ உள்ளூர்க் குறும்பு என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அடுப்பு மாட்டிக்கொண்ட பிறகுதான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி பிறந்தது. அடுப்பு வேறு, லோரிமர் துடிப்பு வேறு. 2020 ஏப்ரலில் நம் பால்வெளியிலேயே, பலத்த காந்தப்புலம் கொண்ட ஒரு செத்த விண்மீனிலிருந்து இதே ரகத் துடிப்பு வந்தது. இன்று வேக ரேடியோ வெடிப்புகள் என்று ஒரு தனித் துறையே நடக்கிறது.

ஒரே கிடங்கில் உண்மையான அதிசயமும் இருந்தது, மதியச் சாப்பாடும் இருந்தது. "இது குப்பை" என்று முன்கூட்டியே தீர்மானித்து எதையாவது அழித்திருந்தால் இரண்டில் எது போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் செய்தியையும் அப்படியே வைக்க வேண்டும் என்கிறேன். தப்பான தலைப்பு உட்பட.

இப்போது செய்தித் தளங்கள் செய்வது என்ன? தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். போன வருஷம் நான் சேமித்த ஒரு பக்கத்தில் மேலே "உயிர் இருக்கக்கூடுமா?" என்று அடக்கமான கேள்வி. முகவரிப் பட்டையைப் பார்த்தால் அதே பக்கத்தின் முகவரிக்குள் "உயிர் கண்டுபிடிப்பு" என்ற பழைய தலைப்பு அப்படியே நீட்டிப் படுத்திருக்கிறது. திருத்தினோம் என்று ஒரு வரி கிடையாது.

வடலி | செவ்வாய், இரவு 10.30

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் பக்கம் சேமித்தால் வாசிக்கலாம் என்ற நம்பிக்கையில் கதைக்கிறீர்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு அது பொருந்தாது.

2000ஆம் ஆண்டை ஒட்டிய தமிழ்த் தளங்களை வேபேக்கில் திறந்து பாருங்கள். பக்கம் வரும், படம் கூட வரும், எழுத்து முழுக்க மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்தாக இருக்கும். ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்த காலம் அது. பாமினி ஒரு பக்கம், திஸ்கி ஒரு பக்கம், தாப் ஒரு பக்கம். சில தளங்கள் எழுத்துருவைத் தானாக இறக்கிக் காட்டும் வசதி வைத்திருந்தன. அதுவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். பக்கத்தைச் சேமித்த வேபேக், அந்த எழுத்துருக் கோப்பைச் சேமிக்காமல் விட்டிருந்தால் கையில் இருப்பது வெறும் குழப்பம்தான். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் ஒவ்வொரு குறியேற்றமாக (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்த முறை) போட்டுப் பார்த்து, எது தமிழாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். "சந்திரனில் தண்ணீர்" என்ற ஒரு பழைய கட்டுரையை இப்படித்தான் மீட்டேன். மூன்றாவது குறியேற்றத்தில் "சந்திரன்" வந்தது, தண்ணீர் வரவில்லை. "ண்ணீ" மட்டும் கேள்விக்குறியாகவே நின்றது.

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோது இந்தச் சிக்கலுக்குள்தான் தொடங்கியது. திஸ்கியில் தட்டி வைத்த இலக்கியங்களை எல்லாம் பிறகு ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினார்கள். அந்த மாற்றும் வேலையைச் செய்ய ஆள் இருந்தபடியால் அது இன்றைக்கும் வாசிக்கக் கிடக்கிறது. ஆள் இல்லாத தளங்கள் எல்லாம் போயிற்று.

எங்கட ஊரில் ஆவணம் என்றால் அது பொழுதுபோக்கு இல்லை. 1981இல் நூலகம் எரிந்தபோது போனவற்றில் பலதுக்கு வேறு பிரதி கிடையாது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கலியாண வாழ்த்துமடல் வரை வருடி ஏற்றுகிறார்கள். இதையெல்லாம் ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்குத் பழுதுமணி அண்ணையின் மைக்ரோவேவ் அடுப்பைக் காட்டலாம் போலிருக்கிறது.

பழுதுமணி | புதன், காலை 9.15

வடலி சொன்னதுதான் என் தொழிலின் தலையெழுத்தும். தரவு இருக்கும், வாசிக்கிற கருவி இருக்காது.

நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் 1966, 67இல் நிலவைச் சுற்றிப் படம் எடுத்தன. ஆம்ஸ்ட்ராங் எங்கே இறங்கலாம் என்று பார்க்க எடுத்த படங்கள். அவை சுமார் 1,500 காந்த நாடாக்களில் இருந்தன. அதை ஓட்டும் ஆம்பெக்ஸ் எப்ஆர்-900 இயந்திரம் ஒவ்வொன்றும் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருக்கும். உலகத்திலேயே சிலதான் மிஞ்சின. நான்சி எவன்ஸ் என்ற நாசா ஆவணக்காப்பாளர் அவற்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். 2008இல் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்து வளாகத்தில் மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் அந்த இயந்திரங்களை இறக்கி, பாகம் பாகமாகப் பழுது பார்த்து, நாடாக்களை ஓட்டினார்கள். மெக்மூன்ஸ் என்று கடைக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1966இல் நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தெரிந்த அந்தப் பழைய மங்கல் படம், நாடாவிலிருந்து நேராக எடுத்தபோது கண்ணைப் பறித்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அப்பல்லோ 11 நிலவிலிருந்து அனுப்பிய அசல் தொலைக்காட்சிச் சமிக்ஞை இருந்த நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசாவே சொல்லிவிட்டது. நாடாத் தட்டுப்பாடு. மனிதன் நிலவில் கால் வைத்த படத்தின் மேல் வேறெதையோ பதிந்துவிட்டார்கள். கல்யாண வீடியோ கேசட்டில் கிரிக்கெட் மேட்ச் பதிந்த மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் இதைப் படித்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன்.

அரைகுறை ஆறுமுகம் | புதன், காலை 9.40

எல்லோரும் வெளியூர்ச் சரக்காகவே போடுகிறீர்கள். உள்ளூர்ச் சரக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊறவும் மாட்டேன் என்கிறது, கெடவும் மாட்டேன் என்கிறது. "திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் எல்லாம் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்கும், நாசா வியப்பு." ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் தவறாமல் எனக்கு வந்துவிடுகிறது. வாத்தியார் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

கணக்குவாத்தி | புதன், காலை 10.25

கணக்காகவே சொல்கிறேன் தம்பி. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர். மூன்று விநாடியில் 22 கிலோமீட்டர் போக வேண்டியது. கிழக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால் காரைக்காலைத் தாண்டிக் கடலுக்குள் இருக்க வேண்டும். அது "நின்றால்" சுற்றுப்பாதை என்பதே போச்சு. வேகம் இருப்பதால்தான் அது விழாமல் சுற்றுகிறது. நின்ற மூன்று விநாடியில் சுமார் 40 மீட்டர் கீழே விழுந்திருக்கும். மறுபடி 7.5 கிலோமீட்டர் வேகம் பிடிக்க அதை ஏவிய ராக்கெட்டையே திரும்பக் கூப்பிட வேண்டும். சரி, நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோளாக இருக்குமோ என்றால், அவை எல்லாம் நடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் இருக்க முடியும். திருநள்ளாற்றுக்கு மேலே வர வழியில்லை.

நான் சாமி கும்பிடுகிறவன்தான். சனீஸ்வரனுக்கு நாசா சான்றிதழ் தேவைப்படுகிறது என்று சொல்வதுதான் எனக்கு நிந்தனையாகப் படுகிறது.

இந்த மாதிரிப் புரளிகளில் "பூமியின் காந்த மையம்" என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். அதன் பக்கத்தில் ஒரு நிஜமான சங்கதி உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போவதால்தான் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் கிராமத்தை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. மாதா கோயில்தான் அலுவலகம். அது எந்த வாட்ஸாப்பிலும் வருவதில்லை.

மிளகாய்ப்பொடி | புதன், மதியம் 1.10

எனக்குப் பிடித்த அறிவியல் செய்தி நாசாவின் வாயேஜர் 1 விண்கலம். 1977இல் கிளம்பியது. சூரிய மண்டலத்தை விட்டு வெளியேறியது என்று எத்தனை தடவை தலைப்பு வந்திருக்கிறது என்று தூசிதட்டி அண்ணன் தன் கிடங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். (சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தது 2012 ஆகஸ்டில். நாசா உறுதி செய்தது 2013 செப்டம்பரில். அதற்கு முன்னும் பின்னும் அது வாசலில் நின்றபடி "போய்ட்டு வரேன்" சொல்லிக்கொண்டே இருந்தது.)

2023 நவம்பரில் அது உளற ஆரம்பித்தது. வந்த சமிக்ஞையில் அர்த்தமே இல்லை. பழுதுமணி அண்ணன் ரசிப்பார்: தரவைக் கோத்து அனுப்பும் கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு போய்விட்டது. அப்போது 24 பில்லியன் கிலோமீட்டர் தள்ளி இருந்த வண்டிக்குச் சில்லு மாற்ற ஆள் அனுப்ப முடியாது. அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, நினைவகத்தில் ஆங்காங்கே மிச்சம் இருந்த இடங்களில் செருகி, ஒன்றோடொன்று பேச வைத்தார்கள். கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இருபத்திரண்டரை மணி நேரம். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள், 20ஆம் தேதி ஒழுங்கான பதில் வந்தது. நான் வேலை பார்க்கும் இடத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுதிய நிரலைப் போன மாதம் திருத்தப் போய் இரண்டு நாள் தளம் படுத்துவிட்டது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வடலி | புதன், மதியம் 2.35

வாயேஜரில் போன தங்கத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் பதிந்திருக்கிறார்கள். தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம், மராத்தி, சிங்களம் எல்லாம் உண்டு. சுமேரியன் கூட இருக்கிறது, பேச ஆளில்லாத மொழி. தமிழ் இல்லை.

அரைகுறை ஆறுமுகம் | புதன், மதியம் 2.41

என்னது!!! உடனே ஒரு கண்டன ஊர்வலம் ஏற்பாடு பண்ணணும். எங்கே கூடுவது, ஸ்ரீஹரிகோட்டாவிலா?

கணக்குவாத்தி | புதன், மாலை 4.00

மலையாளமும் இல்லை. ஆக, அண்டை வீட்டாரோடு சேர்ந்தே விடுபட்டிருக்கிறோம். பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் பேச ஆள் கிடைத்த மொழிகளைக் கொண்டு, அவசரமாகத் தயாரித்த பட்டியல் அது. ஏதோ ஒரு தமிழ் மாணவர் அந்த வாரம் ஊருக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி அந்தத் தட்டில் போயிருக்கிறது. அதைக் கேட்கும்போது எனக்கு இந்தக் குறை மறந்துவிடும்.

அரைகுறை ஆறுமுகம் | புதன், மாலை 4.06

வாயேஜர் இன்னொரு விண்மீன் பக்கம் போகவே 40,000 வருஷம் ஆகுமாம். அதற்குள் வேறு வண்டி பிடித்து முந்திப் போய்த் தமிழில் வணக்கம் சொல்லிவிடலாம். அவசரமில்லை, ஊர்வலம் ரத்து.

நெறியாளர் | புதன், மாலை 6.30

தங்கத் தட்டில் எந்தப் பாட்டு போயிருக்க வேண்டும் என்ற பதினெட்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இளையராஜாவா ரகுமானா சண்டையை அங்கே போய் நடத்தவும். தட்டு கிளம்பியது 1977இல் என்பதை இரு தரப்பும் நினைவில் கொள்க.

தூசிதட்டி | புதன், இரவு 9.00

மிளகாய்ப்பொடி முதலில் சொன்னதற்குப் பதில் பாக்கி இருக்கிறது. சத்தம் வந்தால் சரிபார்ப்பு வேகமாக நடக்கும் என்றீர்கள். எல்கே-99க்குச் சரி. ஆனால் இதைப் பாருங்கள்.

2010 டிசம்பர். வேற்றுலக உயிர்த் தேடலைப் பாதிக்கும் கண்டுபிடிப்பு என்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நாசா செய்தியாளர்களைக் கூட்டியது. வேற்றுக்கிரகவாசியே வந்துவிட்டான் என்று இணையம் கொதித்தது. கடைசியில் கலிபோர்னியாவின் மோனோ ஏரிச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியா. பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்கிறது என்று சயின்ஸ் ஆய்விதழில் கட்டுரை. ரோஸி ரெட்பீல்ட் என்ற நுண்ணுயிரியலாளர் சில நாட்களிலேயே தன் வலைப்பதிவில் அதைப் பிரித்து மேய்ந்தார். 2012இல் அதே ஆய்விதழில் இரண்டு மறுப்புக் கட்டுரைகள் வந்தன. பாக்டீரியா ஆர்சனிக்கைத் தாங்குகிறது, ஆனால் அதற்கும் பாஸ்பரஸ்தான் வேண்டும். சயின்ஸ் இதழ் அந்த மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது எப்போது தெரியுமா? 2025 ஜூலையில். கட்டுரையை எழுதியவர்கள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சத்தம் ஒரு வாரம், சரிபார்ப்பு ஒன்றரை வருஷம், திரும்பப் பெறுவது கிட்டத்தட்ட பதினைந்து வருஷம். இதில் எனக்கு ஆச்சரியம் அந்த வலைப்பதிவுதான். நாசாவின் மேடையைவிட ஒரு பேராசிரியர் இரவில் உட்கார்ந்து தட்டிய பதிவு சரியாக இருந்தது.

மிளகாய்ப்பொடி | புதன், இரவு 9.35

அப்படியானால் நீங்கள் சேமிக்க வேண்டியது தலைப்புகளை இல்லை, அந்த மாதிரி வலைப்பதிவுகளை. செய்தி நிறுவனத்துக்காவது ஆவண அறை இருக்கும். தனி ஆளின் பதிவு, சந்தா கட்டாமல் விட்டால் மறுவருஷம் காலி. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயிருந்ததாக பியூ ஆய்வு மையம் கணக்கெடுத்துச் சொன்னது.

தூசிதட்டி | புதன், இரவு 9.41

இதை ஏற்றுக்கொள்கிறேன். இன்று முதல் பதிவுகளும் கிடங்குக்குள் போகும். முதல் நாள் செய்தி விஷயத்தில் மட்டும் இறங்கி வருவதாக இல்லை.

பழுதுமணி | வியாழன், காலை 10.00

எல்லோரும் வேபேக், வேபேக் என்கிறீர்கள். 2024 அக்டோபரில் அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவையே உடைத்து உள்ளே புகுந்து, மூன்று கோடிக்கு மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரத்தைத் தூக்கினார்கள். பல நாள் தளமே இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கும் லாபநோக்கமற்ற அமைப்பு அது. அந்த முகப்புத் தூண்கள் தங்கள் சின்னத்தைப் போலவே இருக்கின்றன என்று பார்த்து வாங்கிய கட்டடமாம். உலகத்தின் ஞாபகம் முழுக்க ஒரே இடத்தில் என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. முக்கியமானதை வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

கணக்குவாத்தி | வியாழன், காலை 11.20

நம் பக்கத்திலும் நல்ல கிடங்குகள் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் இருந்தவற்றை எண்ணிம வடிவத்துக்கு மாற்றி ஆய்வாளர்கள் பயன்படுத்தத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டார். நூறு வருஷத்துச் சூரியனை ஒரே இடத்தில் பார்க்க விரும்பும் வெளிநாட்டுக்காரன் கோடை மலையில் எடுத்த படத்தைத்தான் திறக்கிறான். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் படகுச் சவாரியோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஏறிப் பாருங்கள்.

அதற்கு மூத்தது சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகம். கட்டடம் போய்விட்டது. 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் ஒன்று இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் மேல் தமிழிலும் தெலுங்கிலும் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்த ஆட்கள் அவர்கள்.

வடலி | வியாழன், காலை 11.32

எழுத்துரு இறக்கச் சொல்லாது, அது பெரிய ஆறுதல்.

அரைகுறை ஆறுமுகம் | வியாழன், மதியம் 12.15

சீரியஸாக ஒரு உதவி வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சிடி அகப்பட்டது. 2002 வாக்கில் ஒரு அறிவியல் மாத இதழோடு இலவசமாக வந்தது. மேலே கொஞ்சம் கீறல். என் மடிக்கணினியில் சிடி போடும் வழியே இல்லை. உள்ளே அந்த இதழின் பழைய கட்டுரைகள் எல்லாம் இருக்கிறதென்று உறை சொல்கிறது.

பழுதுமணி | வியாழன், மதியம் 12.40

கீறல் எந்தப் பக்கம்? பளபளக்கும் பக்கத்தில் என்றால் பெரும்பாலும் பிழைக்கும். அச்சடித்த பக்கத்தில் என்றால் கஷ்டம், தரவுப் படலம் அதற்கு அடியில்தான் ஒட்டியிருக்கும். எதைக் கொண்டும் துடைக்க வேண்டாம். பற்பசை தேய்க்கச் சொல்லி யூடியூபில் வருவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். துடைத்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளி விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும், வட்டமாக அல்ல.

வடலி | வியாழன், மதியம் 12.58

ஆறுமுகம் அண்ணை, 2002 என்றால் அநேகமாக தாப் அல்லது அந்த இதழின் சொந்த எழுத்துருவாகத்தான் இருக்கும். சிடிக்குள் "பான்ட்ஸ்" என்று ஒரு கோப்புறை இருந்தால் அதை முதலில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கட்டுரையைவிட அது முக்கியம்.

அரைகுறை ஆறுமுகம் | வியாழன், மதியம் 1.20

கீறல் பளபளக்கும் பக்கம்தான். பற்பசை டியூபை ஏற்கெனவே எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

பழுதுமணி | வியாழன், மதியம் 1.26

அப்படியே உறையோடு அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள், முகவரியைத் தனிமடலில் தருகிறேன். டிரைவ் என்னிடம் நான்கு இருக்கிறது, ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் படிக்கும். கூரியர் செலவு மட்டும் உங்களுடையது.